போகாத படம்

முதலில் எடுத்த கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான் ஆகும், படம் இறக்க ஆகாது என்றாள் ஹூயா. தன் பையைத் துழாவி வேறொன்றை எடுத்தாள். சமையலறை மேசைமேல் என் போனையும் அவளுடைய பழைய லேப்டாப்பையும் இணைத்தாள்.

"பிரிபி வர்றதுக்குள்ள முடிச்சிடலாம் அண்ணி. அவன் வந்ததும் வண்டியில டவுனுக்குப் போய்ப் பிரிண்ட் போட்டுட்டு வந்துடலாம்."

ஹூயா என் கணவரின் தங்கை. பிரிபி அவள் மகன். நாளைய விருந்தாளிகளுக்காகப் பாறையடியில் கினா என்கிற கடல் முள்ளெலி எடுக்க விடியும்போதே கடலில் முங்கப் போயிருந்தான். தனியாகப் போகாதே என்றால் கேட்கிற பிள்ளை இல்லை.

எங்கள் விரிகுடாவில் சிக்னல் மனசு வைத்தால்தான் வரும். கேபிளை விட்டால் வேறு வழியில்லை.

நாளைக்கு எங்கள் குல மண்டபத்துச் சுவரில் புதுப் படங்கள் மாட்டுகிறார்கள். அந்தச் சுவரில் செத்தவர்களுக்கு மட்டும்தான் இடம். கூட்டமாக எடுத்த படம் என்றால் உயிரோடிருப்பவர்களை வெட்டிவிட்டுத்தான் மாட்டுவோம். மாவோரிகள் நாங்கள் விளையாட்டுக்குக்கூட இதை மீறமாட்டோம்.

நான் கொடுக்க வேண்டியவை ஐந்து படங்கள். அதில் ஒன்று ரேவியுடையது.

ரேவி என் மகன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அதே பாறையடிக்கு முங்கப் போனவன் திரும்பி வரவில்லை. கடலில் யாரும் கால் வைக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டுத் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. பிறகு தடையை எடுத்தார்கள், எல்லோரும் மறுபடி மீன் தின்ன ஆரம்பித்தார்கள். நான் மட்டும் அவன் படத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தேன். கொடுத்தால் அவன் செத்துவிட்டான் என்று என் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஹூயாதான் பேசிப் பேசிக் கரைத்தாள். "எல்லாரும் உள்ள இருக்கறப்ப அவன் மட்டும் வெளிய நிக்கணுமா அண்ணி?"

கோப்புகளை அனுப்பலாமா என்று போன் கேட்டது. சரி என்று நானே தொட்டேன்.

ஹூயா ஐந்தையும் தேர்ந்து, 'சுவர்' என்று பெயர் வைத்த போல்டருக்குள் இழுத்துவிட்டாள். மாமனார் போனார். பெரியம்மா போனாள். நான்கு படங்கள் மளமளவென்று போயின. ஐந்தாவதில் பச்சைக் கோடு பாதியிலேயே நின்றது.

இந்தப் படத்தை எடுக்க முடியவில்லை. விட்டுவிடவா, மறுபடி முயலவா என்று கேட்டது லேப்டாப்.

ரேவியின் படம்தான்.

ஹூயா மறுபடி அழுத்தினாள். மறுபடி நின்றது. கேபிளைப் பிடுங்கி, வாயால் ஊதி, திரும்பச் சொருகினாள். அதே இடத்தில் நின்றது.

"வரமாட்டேங்கறான் பாருங்க. பிடிவாதத்துல அப்படியே எங்கண்ணன்."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மெல்லத் தலைதூக்கியது. போகமாட்டேன் என்கிறானே. ஒருவேளை அவன் போக வேண்டிய இடம் அது இல்லையோ. பைத்தியக்கார நினைப்பு என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் எவ்வளவோ நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

"விட்டுடு ஹூயா. அவன் வேணாம்."

"கேபிள் ஆட்டம் காட்டுது, வேற ஒண்ணுமில்ல. இந்த ஒரு தடவ."

அழுத்தினாள். பச்சைக் கோடு இந்த முறை எங்கும் நிற்கவில்லை.

"போயிடுச்சு அண்ணி. அஞ்சும் வந்துடுச்சு."

சரிபார்க்க அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மாமனார். பெரியம்மா. மற்ற இரண்டு பேர். ஐந்தாவதைத் திறந்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அது ரேவி இல்லை. பிரிபி. முங்குகிற கறுப்பு உடையில், ஈரத் தலையோடு, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றான். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் முற்றத்தில் நானே எடுத்த படம். அது என் போனில் வேறு இடத்தில் கிடந்தது. அதை நாங்கள் தொடவே இல்லை.

"கை தவறிப் பட்டிருக்கும்," என்றேன்.

ஹூயா அதை அழித்தாள். கேபிளைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். நான் போனைக் கையிலெடுத்துப் பார்த்தேன். ரேவி இருந்த இடத்திலேயே இருந்தான்.

"இந்நேரம் வந்திருக்கணும்," என்றாள் ஹூயா. அது அவள் குரல் மாதிரியே இல்லை.

வாசற்படியில் படுத்துக் கிடந்த ரேவியின் நாய் எழுந்து நின்றது. அது யாருக்காகவும் எழுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. வாலை ஆட்டிக்கொண்டு மணலை நோக்கி ஓடியது.

நாங்கள் இருவரும் ஜன்னலுக்குப் போனோம்.

தண்ணீர் ஓரத்திலிருந்து ஒருவன் மேலே ஏறி வந்துகொண்டிருந்தான். தலைவரைக்கும் மூடிய கறுப்பு உடை. தோளில் வலைப்பை. அவனுக்குப் பின்னால் கடல் வெயிலில் மின்னியதால் முகம் தெரியவில்லை. ரேவியும் பிரிபியும் ஒரே உயரம். அந்த உடைகளையும் நானும் ஹூயாவும் ஒன்றாகப் போய் ஒரே கடையில்தான் வாங்கினோம்.

ஹூயா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பிரிபிதானே அண்ணி அது?"

ரேவியைத் தேடிய நாளெல்லாம் மணலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். எனக்குச் சோறு ஊட்டிவிட்டவள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

என்னால் சொல்ல முடியவில்லை. வருகிறவன் பிரிபியாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.