கொடையாளி

ஆஸ்பத்திரிக் கழிவறைக் கதவுக்கு வெளியே நானும் மனைவியும் மகனும் தவம் கிடந்தோம்.

உள்ளே என் மகள். எட்டு வயது. கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா.

"வருதாடி?" என்று மறுபடியும் கேட்டாள் என் மனைவி.

"நீங்கல்லாம் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா எப்படிம்மா வரும்?"

நியாயமான கேள்வி. எனக்கே வராது.

விஷயம் இதுதான். மகனுக்குப் பன்னிரண்டு வயது. எடையில் என்னை எட்டிப் பிடிக்கப் போகிறான். ஈரலில் கொழுப்பு படிந்து, அது இறுகத் தொடங்கிவிட்டது என்றார்கள். சாப்பாட்டைக் குறைத்தோம், ஓடவிட்டோம், நீச்சல் குளத்தில் தள்ளினோம். துணைக்கு நானும் ஓடினேன். ஓடிவிட்டு வந்த பசியில், அவனுக்குத் தெரியாமல் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டு நான்கு கிலோ ஏறினேன்.

கடைசியில் இந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சியில் இடம் கிடைத்தது. குண்டுப் பிள்ளைகளின் குடலில் இருக்கும் கிருமிகள் வேறு, ஒல்லிப் பிள்ளைகளின் குடலில் இருப்பவை வேறாம். ஒல்லிப் பிள்ளையின் மலத்திலிருந்து கிருமிகளைப் பிரித்தெடுத்து, கேப்ஸ்யூலில் அடைத்து, குண்டுப் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கொடுப்பது கூடப்பிறந்த பிள்ளை என்றால் ரொம்ப நல்லது.

எங்கள் வீட்டில் ஒல்லிக்கா பஞ்சம்? மகளைக் குச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "தங்கச்சியப் பாரு, எப்படி அளவா சாப்பிடுறா" என்று அவளைக் காட்டித்தான் அவனைத் திட்டுவோம்.

அண்ணன் விழுங்கப்போவது என்ன என்று தெரிந்த நாளிலிருந்து குச்சியைப் பிடிக்க முடியவில்லை. "என்கூடச் சண்டை போட்டீன்னா தரமாட்டேன், பாத்துக்கோ" என்று மிரட்டுகிறாள். அவனும் பேசாமல் ரிமோட்டை நீட்டிவிடுகிறான்.

கொடுப்பவர் ஆரோக்கியமானவர்தானா என்று முதலில் பார்ப்பார்கள். போன தடவை வந்தபோது அவளுக்கு எடை பார்த்து, ரத்தமும் மலமும் வாங்கிக்கொண்டார்கள். இன்று வந்ததும் வயிற்றில் ஒரு ஸ்கேன். எல்லாம் சம்பிரதாயம் என்றார்கள்.

டாக்டரம்மா நடைபாதையில் வந்துகொண்டிருந்தார்.

"சரக்கு இன்னும் வந்து சேரல டாக்டர். வழியில டிராஃபிக்" என்றேன்.

என் மட்டமான ஜோக்குக்கெல்லாம் மரியாதைக்காவது சிரிக்கிறவர் அவர். இன்று சிரிக்கவில்லை. மகனைத் தள்ளியிருந்த பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார்.

"பாப்பா சாப்பாட்டைப் பாதியில வைக்கிறது எப்போலேர்ந்து?"

"அவ எப்பவுமே அப்படித்தான் டாக்டர்" என்றாள் என் மனைவி.

குரலைத் தாழ்த்திச் சொன்னார். மலத்தில் ரத்தம், கண்ணுக்குத் தெரியாத அளவில். ரத்தப் பரிசோதனையும் சரியில்லை. காலையில் எடுத்த ஸ்கேனில், குடலில் ஒரு கட்டி. அது ஈரலுக்கும் போயிருக்கிறது. நேற்று இன்று வந்தது இல்லை.

"குணப்படுத்திடலாம்ல?" என்றேன்.

"வலியில்லாம பாத்துக்கலாம்" என்றார்.

என் மனைவி ஏதோ தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட தபால்காரரிடம் பேசுவதுபோலப் பேசினாள். "இல்ல டாக்டர், நாங்க அவனுக்குத்தானே வந்தோம். இவ நல்லாத்தானே இருக்கா?"

 

கதவு திறந்தது.

டப்பாவை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, கோப்பை ஜெயித்தவள் மாதிரி வந்தாள் குச்சி.

"வந்துருச்சு!"

நடைபாதையே திரும்பிப் பார்த்தது. கையுறை போட்ட நர்ஸ் டப்பாவை வாங்கிக்கொண்டார். பக்கத்திலேயே ஐஸ் பெட்டி திறந்திருந்தது. அதற்குள் வைக்காமல், மேஜைக்கு அடியில் வைத்தார். குச்சி அதைக் கவனிக்கவில்லை. அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு இதுல ஏறு கண்ணு" என்றார் நர்ஸ்.

செருப்பைக் கழற்றினாள். அண்ணன் எடை பார்க்கும்போது செய்வதுபோலவே, பையிலிருந்த சில்லறைச் சாமான்களை எடுத்துக் கீழே வைத்தாள். ஒரு பாசிமணி, பாதி ரப்பர், எப்போதோ கொடுத்த, பிரிக்காத மிட்டாய். பிறகு இயந்திரத்தில் ஏறி, மூச்சு மொத்தத்தையும் வெளியே விட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள். எக்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது.

நர்ஸ் எண்ணைப் பார்த்தார். "போன தடவைக்கு ரெண்டு கிலோ கம்மி டாக்டர்" என்றார், மெதுவாகத்தான்.

பாம்புக் காது அவளுக்கு. முகம் மலர்ந்துவிட்டது.

"குறைஞ்சிருக்காப்பா?"

"ஆமாடா கண்ணு."

"டேய் அண்ணா! எனக்கு ரெண்டு கிலோ குறைஞ்சிருச்சுடா!"

எங்கள் வீட்டில் எடை இறங்கினால் எல்லோரும் சேர்ந்து கைதட்டுவோம். மகனை உற்சாகப்படுத்த நான்தான் ஆரம்பித்துவைத்தேன். அவனுக்கே அபூர்வமாகத்தான் வாய்த்திருக்கிறது. இவளுக்கு யாரும் தட்டியதே இல்லை.

இயந்திரத்தை விட்டு இறங்காமல், என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெஞ்சிலிருந்து அவள் அண்ணன் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினான்.