செருப்புகளோடு ஒரு பை

“அந்தப் பை என்னுடையது” என்று மறுபடியும் கத்தினேன்.

தெருவை மறித்துக் கட்டியிருந்த நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்ற பொலிஸ்காரன் முதலில் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கால்களைப் பார்த்தான். டிசம்பர் மாதத்து ஃபாரஸ்ட் கேட் தெருவில் நான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

பையில் என்ன இருக்கிறது என்று கேட்டான்.

ஆட்டுத்தோல், ஆயிரம் வருடம் பழையது என்றேன்.

அவன் மற்றப் பொலிஸ்காரனைத் திரும்பிப் பார்த்தான். உண்மையைச் சொல்லிப் பைத்தியக்காரன் பட்டம் வாங்குவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அது தாங்கமுடியாமல் இருந்தது.

லண்டனில் ஐரிஷ் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ரயில் நிலையங்களில் குப்பைத்தொட்டிகளைக்கூட எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், இரண்டு கடைகளுக்கு நடுவில் இருந்த எங்கள் சின்ன அம்மன் கோயிலின் வாசலில், ஒரு கறுப்புப் பையை விட்டுவிட்டு ஒரு மனிதன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினால் பார்த்தவர்கள் பொலிசுக்குச் சொல்லத்தான் செய்வார்கள்.

அந்த மனிதன் நான்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து என்னைச் சட்டம் படிக்கத்தான் அனுப்பினார்கள். நான் தோலில் எழுதிய பழைய எபிரேய ஏடுகளின் பின்னால் போய்விட்டேன். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து எந்த நூற்றாண்டு என்று சொல்வது என் தொழில். சொந்தக்காரர்கள் என்னைத் ‘தோல் புரொபசர்’ என்பார்கள். என் மனைவி அருமைநாயகி மட்டும் அதற்குச் சிரிப்பதில்லை. சுத்த சைவம் அவள். என் மேசையைத் துடைத்தால் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

அன்று காலை ஸ்டம்போர்ட் ஹில்லில் ஸில்பெர்மன் என்ற யூதக் கிழவர் ஒரேயொரு ஏட்டை என் கையில் தந்தார். போலந்தில் அவர்களுடைய தொழுகைக்கூடம் எரிந்தபோது அவருடைய அண்ணன் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது. அண்ணன் இப்போது இல்லை. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது கிழவரும் அந்த ஏடும்தான். ரசீதுகூடக் கேட்கவில்லை. உன்னை நம்புகிறேன் என்றார், அவ்வளவுதான். ஏட்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து நாடாவால் கட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. கோயில் வாசலில் அருமைநாயகி அர்ச்சனைத் தட்டோடு காத்திருந்தாள். நான் வாய் ஓயாமல் பேசினேன். இதில் கடவுளின் பெயர் எழுதியிருக்கிறது, இப்படிப்பட்ட ஏட்டை யூதர்கள் எறியமாட்டார்கள், நைந்துபோனால் மனிதரைப் போல மண்ணில் அடக்கம் செய்வார்கள் என்றெல்லாம் சொன்னேன்.

“தோல்தானே? உள்ளுக்குக் கொண்டுவரேலாது” என்றாள்.

அவளோடு வாதாடி நான் வென்றதில்லை. செருப்புத் தட்டின் அருகே பையை வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். அவள் கோட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் வந்தாள். ஆண்கள் பக்கத்தில், பை கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

பூசை நடந்தபோது குத்துவிளக்கின் சுடர் ஒருபக்கம் சாய்ந்தது. காலையில் பார்த்த ஏட்டில் ஓர் எழுத்தின் கழுத்து அப்படித்தான் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை நான் இதற்கு முன் மிகப் பழைய ஓர் ஏட்டில் மட்டும்தான் கண்டிருந்தேன். எழுந்து ஓடினேன். அடுத்த தெருவில்தான் வீடு. அந்த ஏட்டின் படங்களை மேசையில் பரப்பி ஒப்பிட்டு, பொழுது சாய்ந்து யூதர்களின் ஓய்வுநாள் பிறந்துவிட்டால் கிழவர் ரெலிபோனைத் தொடமாட்டார் என்பதால் அவசரமாக அழைத்து, நினைத்ததைவிட இருநூறு வருடம் பழையது என்றேன். கிழவர் அழுதார்.

ஏடு என் மண்டைக்குள் இருந்தது. பையை மறந்துபோனேன். சைரன் கேட்டபிறகுதான் நினைவு வந்து திரும்பி ஓடினேன்.

இப்போது தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கோயிலில் இருந்தவர்களைப் பின்கதவால் வெளியேற்றித் தெருவின் மறுகோடியில் நிறுத்தியிருந்தார்கள். சக்கரம் பூட்டிய இயந்திரம் ஒன்று கோயில் வாசலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. பையை அவர்களே வெடிக்கவைக்கப் போகிறார்கள்.

என்ன நினைத்தானோ, பொலிஸ்காரன் ரேடியோவில் பேசினான். பதில் வரவில்லை. மறுபடி பேசினான். இயந்திரம் நிற்கவில்லை.

மறுகோடிக் கூட்டத்தில் அருமைநாயகி தெரிந்தாள். அர்ச்சனைத் தட்டை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிக் காட்டினாள். ஏதோ கத்தினாள். எனக்குக் கேட்கவில்லை. இந்த நேரத்திலும் இவளுக்குப் பூசையா என்று கோபம் வந்தது. அவளால்தானே அந்த ஏடு செருப்புகளோடு கிடக்கிறது.

நாடாவுக்குக் கீழே குனிந்து ஓடினேன்.

பத்தடி போயிருப்பேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து ரோட்டோடு அழுத்தினார்கள். அவர்களை இங்கிலீஷிலும் தமிழிலும் திட்டினேன்.

வெடித்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கறுப்புத் துணி, கடதாசி, ஒரு குழந்தையின் செருப்பு என்று தெருவெல்லாம் சிதறியது. நான் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் என்னை நம்பிய கிழவருக்கு என்ன சொல்லுவேன்? அழுதேன்.

நாடாவை எடுத்ததும் அருமைநாயகி மூச்சிரைக்க ஓடிவந்தாள். பக்கத்தில் குந்தினாள். என் கால்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தட்டில் இருந்த தேங்காய்ப் பாதியையும் வாழைப்பழத்தையும் ஒதுக்கி, வெற்றிலைக்கு அடியில் கையை விட்டாள்.

இரண்டு அட்டைகள். நான் காலையில் கட்டிய அதே நாடா, அதே முடிச்சு.

“கடவுளின்ர பேர் இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதைச் செருப்போட விட எனக்கு மனம் வரேல்லை.”

மேல் அட்டையில் ஒரு துளி குங்குமம் ஒட்டியிருந்தது. அவளே முடிச்சை அவிழ்த்தாள். ஏடு இருந்தது. சாய்ந்த கழுத்தோடு அந்த எழுத்தும் இருந்தது.

கூட்டத்தோடு குருக்கள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவள் அவசரமாக அட்டையை மூடி என் கோட்டுக்குள் திணித்தாள்.

“அம்மன்ர காலடியில வைச்சுத் தீபம் காட்டித்தான் தந்தவர்” என்று காதுக்குள் சொன்னாள். “தோலெண்டு அவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ.”