ஏரியை ஒரு சுற்று

தினமும் காலையில் ஏரியைச் சுற்றி நடப்பேன். நடந்தால்தான் எனக்குப் பிரார்த்தனையும் வரும், கதையும் வரும். திரும்பி வந்து காபி போட்டுக்கொண்டே கதையைச் சொல்வேன். என் கணவர் அதைத் தன் பெயரில் அச்சேற்றிவிடுவார். கேட்டால், "வாய்ல சொல்றதெல்லாம் கதையாயிடுமா? எழுதினாத்தான் கதை" என்பார். ஊர் அவரைக் கொண்டாடியது. எனக்கு வயிறு எரிந்தது.

கதை சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். அப்போதும் நான் ஏரிக்கரையில் நினைத்த கதை, வீடு திரும்புவதற்குள் அவர் மேசையில் வரி பிசகாமல் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பிரார்த்தனை: "சாமி, என் கதையை எடுக்கிறவருக்கு அதுல உள்ளது ஒண்ணு விடாம போய்ச் சேரணும்." கதையும் ஒன்றேதான். மேசையில் உட்கார்ந்து எழுதும் ஒருவனுக்குப் பாதத்திலிருந்து உடம்பு மரத்துக்கொண்டே வருகிறது. ஒரு நடைக்கு ஒரு வரி. அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

இன்று நான் வந்தபோது இடுப்பு வரை எழுதியிருந்தார்.

"எழுந்திருக்க முடியல. இந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆகுது? சொல்லேன்."

"வாய்ல சொன்னா அது கதை இல்லையேங்க" என்றேன். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன்.