ஹெட்லைட்டின் அலட்டல்

கேட் தூணில் மோதியதில் காரின் முன்பக்க பம்பர் நன்றாகக் குழிந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஹெட்லைட்டுக்குச் சின்னக் கீறல்தான். ஆனால் அதன் அலட்டல் தாங்க முடியவில்லை.

"கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகணும். ஏசி ஹால், யூனிஃபார்ம் போட்ட ஆளுங்க. என்னைத் தங்கமாப் பார்த்துக்குவாங்க."

"என்னை?" என்றது பம்பர்.

"உன்னைக் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு மாட்டுவாங்க. என்ன பண்றது!"

எட்டு வருஷமாக எல்லா இடியையும் முன்னால் நின்று வாங்கியது பம்பர்தான்.

காரின் சொந்தக்காரர் சற்குணம் போனைப் பார்த்தபடி வெளியே வந்தார். "போட்டோவைப் பார்த்துட்டு சர்வீஸ் சென்டர்ல சொல்றாங்க, பம்பரை மாத்தணுமாம். ஹெட்லைட்டையும் மாத்தணுமாம், கீறல் விழுந்துடுச்சாம்" என்று மனைவி தமயந்தியிடம் சொன்னார்.

"என்னையுமா?" என்றது ஹெட்லைட்.

"இதுக்குப் போய் அங்கயா? இருங்க, வெந்நீர் வைக்கிறேன்" என்றாள் தமயந்தி.

கொதிக்கக் கொதிக்கக் குழியின் மேல் ஊற்றினாள். சற்குணம் உள்பக்கமாகக் கையை விட்டுத் தள்ளினார். டப்பென்று ஒரு சத்தம். குழி போன இடம் தெரியவில்லை. பம்பருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"கீறலுக்கு இது போதும்" என்று தமயந்தி டூத்பேஸ்டும் பழைய பனியன் துணியுமாக ஹெட்லைட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இங்க ஏசி ஹால் இல்லையே, பரவாயில்லையா?" என்று கேட்டது பம்பர்.

"அண்ணே, நான் கண்ணை மூடிக்கிறேன். சீக்கிரம் தேய்க்கச் சொல்லுங்க."