மேலே வெள்ளை, கீழே சிவப்பு

"நாலாம் அத்தியாயம், அக்கா! வாந்தி! வாந்தி!"

கிளாத்தன் ஊரின் ஒரு பள்ளி அரங்கில் முந்நூறு பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். மேடையில் ரெத்னோ தான் எழுதிய புத்தகத்தோடு நின்றாள்.

இன்று அந்த அத்தியாயத்தைத் தொடுவதில்லை என்று ரயிலில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். போன மாதம் போன பள்ளியிலும் அதே முடிவோடுதான் மேடையேறினாள்.

புத்தகத்தைப் பிரித்தாள். அது தானாகவே நாலாம் அத்தியாயத்தில் போய் விழுந்தது.

திங்கட்கிழமைக் கொடியேற்றம். கதை சொல்லும் பெண்ணுக்குப் பதினைந்து வயது. வெள்ளைக் கையுறையும் மிடுக்கும் தாங்க முடியவில்லை. தேசியக் கொடியை உதறி விரிக்கிறாள். சிவப்பு இருக்க வேண்டிய மேல் பக்கத்தில் வெள்ளை, கீழே சிவப்பு. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனின் கொடி. மொத்தப் பள்ளியும் வணக்கம் வைத்த கையோடு உறைந்து நிற்கிறது. தலைமையாசிரியர் கிட்டே வருகிறார். காலையில் குடித்த சோத்தோ சூப்பு முழுவதையும் அவள் அவருடைய காலணியின் மேல் கக்குகிறாள்.

இங்கே மூன்று எண்ணும் வரை நிறுத்த வேண்டும். ரெத்னோ நிறுத்தினாள்.

"காலணிக் கயிற்றில் ஒரே ஒரு பயற்றுமுளை தொங்கிக்கொண்டிருந்தது."

அரங்கம் வெடித்தது. முன்வரிசையில் ஒருத்தி நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தே போனாள்.

சே, என்ன பிழைப்பு இது என்று ரெத்னோவுக்குத் தோன்றியது. வாந்தியை விற்றுச் சாப்பிடும் பிழைப்பு. அதுவும் கலப்பட வாந்தி. அன்று யாரும் வாந்தி எடுக்கவில்லை. நனைந்தது வெள்ளைப் பாவாடை. கால் வழியாக இறங்கிக் காலுறைக்குள் போனது.

"மூத்திரம்னா படிக்கிறவங்களுக்குப் பாவமா இருக்கும் ரெத்னோ, வாந்தின்னாதான் சிரிப்பாங்க" என்று பதிப்பகத்து ஆசிரியை சொன்னாள். ரெத்னோ ஒரே மதியத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுத்தாள். பயற்றுமுளை யாரும் கேட்காமல் அவளே சேர்த்தது. சேர்த்த அன்று பெருமையாக வேறு இருந்தது.

கேள்வி நேரத்தில் ஒல்லியாக ஒரு பையன் எழுந்தான்.

"அக்கா, இது நெசமாவே உங்களுக்கு நடந்ததா? அட்டையில போட்ருக்கே."

"சத்தியமா" என்றாள். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் சொல்வாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். இவ்வளவு அவமானப்பட்டவள் எங்களைப் போல ஒருத்தி என்று அவர்களுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியம் அவளுக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி கையில் பிசுபிசுத்தது.

கையெழுத்து வரிசை மெல்லக் கரைந்தது. மேசையில் அவர்கள் வைத்த சிற்றுண்டிப் பெட்டியில் எண்ணெய் ஊறிப்போயிருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வறுவல் போடுகிறவள். அடுப்பிலிருந்து நேராக வந்ததால் ஏப்ரனில் மாவு ஒட்டியிருந்தது. கையைத் துடைத்துத் துடைத்துப் புத்தகத்தை நீட்டினாள்.

"என் பொண்ணு வாங்குனது அக்கா. நானும் படிச்சேன். எனக்கும் இதே மாதிரி நடந்துச்சு. அதே கொடி, அதே திங்கக்கிழமை. வாந்தி மட்டும்தான் இல்ல."

ரெத்னோ நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணின் கன்னம் சதை போட்டிருந்தது. பேசும்போது இடது புருவம் மட்டும் ஏறும் அந்தப் பழக்கம் அப்படியே இருந்தது. அவளோ அட்டையில் உள்ள புனைபெயரையும் ரெத்னோவின் தலைத்துணியையும் தடித்த கண்ணாடியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல. இருபத்தாறு வருசமா ஒலகத்துலயே இது எனக்கு ஒருத்திக்குத்தான் நடந்துச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். உங்க புத்தகத்தப் படிச்சிட்டு அழுதுட்டே சிரிச்சேன் அக்கா. பெரிய புண்ணியம் உங்களுக்கு."

எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது ரெத்னோவுக்கு.

"ஒண்ணு கேக்கணும். கொடியோட மேல் கொக்கிக்கு அடையாளமா சிவப்பு நூல் கட்டியிருப்பாங்கல்ல? என்னோடதுல யாரோ அத அவுத்துக் கீழ் கொக்கில கட்டிட்டாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உங்களோடதுல யாருன்னு தெரிஞ்சுதா?"

தெரியும். கொடி அணிக்குத் தன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்ற ஆத்திரத்தில் ரெத்னோ அன்று ஆறு மணிக்கே பள்ளிக்குப் போயிருந்தாள். நூலை அவிழ்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வரிசையில் முதலில் சிரித்தவளும் அவள்தான்.

ரெத்னோ பேனாவை எடுத்தாள். குனிந்து முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை மூடிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் நன்றி சொன்னபடியே பிரித்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

'ஸ்ரீ வார்சினிக்கு' என்று எழுதியிருந்தது.

அவள் தன் பெயரை இன்னும் சொல்லியிருக்கவில்லை.