பையன் கிடைத்துவிட்டான்

வாசலில் ரொட்டிப் பொட்டலத்தோடு நின்ற அந்த அம்மாவைப் பார்த்த பிறகுதான் ஜெரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீதான ஜெரி? நான் விம்கோ நகர் வியாகுலம்மா, காணாம போன ஜெனிஷோட அம்மா. இந்தா, அந்தோணியாரு ரொட்டி. புள்ள கெடச்சா குடுக்குறேன்னு நேந்துகினேன்."

நேற்றிலிருந்து ஜெரிக்குச் சோறு இறங்கவில்லை. கல்மண்டபம் பசங்களின் வாட்ஸ்அப் குழுவில் எது நிஜம், எது புளுகு என்று தீர்ப்புச் சொல்வது அவன்தான். யாரும் கொடுக்காத பதவி, அவனாகவே எடுத்துக்கொண்டது.

எட்டு வயது ஜெனிஷைக் காணோம் என்று படத்தோடு ஒரு செய்தி வந்தது. "வருஷக்கணக்கா சுத்திகினு கீற மேட்டரு மாமு. பாத்தாலே தெரியல?" என்று தள்ளிவிட்டான். பொய் என்று மட்டும் சொன்னால் எவனும் பகிர்வதை நிறுத்த மாட்டான் என்று, "பையன் கிடைத்துவிட்டான், இனி பகிர வேண்டாம்" என்று சொந்தமாக ஒரு வரி எழுதிப் போட்டான். அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

அக்கா டெபோராதான் கேட்டாள். "அதுல இருந்த நம்பருக்கு ஒரு போன் போட்டியாடா?"

போடவில்லை. அப்புறம் போட்டபோது சுவிட்ச் ஆஃப். ஒருவேளை நிஜமாக இருந்தால் என்ற நினைப்பு ராத்திரி முழுக்க அவனைத் தின்றது.

இப்போது கையில் ரொட்டி. வேண்டுதல் நிறைவேறாமல் யாரும் இதைக் கொடுக்க மாட்டார்கள் என்று ராயபுரத்தில் பிறந்தவனுக்குத் தெரியாதா? அவன் சொன்ன பொய், நல்லவேளையாக உண்மையாகிவிட்டது.

"உள்ள வந்து குந்துக்கா. பெரிய தப்பு பண்ட்டேன்னு பயந்துகினு இருந்தேன்" என்று ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

அவள் உட்காரவில்லை. அவன் தோளுக்கு மேலாக உள்ளறையையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"நீ போட்டத பாத்துட்டுதான் எங்க தெருப் பசங்க தேடுறத வுட்டானுங்க. என் போன்ல சார்ஜ் இல்ல, அதான் மொதல்ல போட்டது யாருன்னு கேட்டு, உன் வூட்ட விசாரிச்சுகினு நேரா வந்துட்டேன். நீ நல்லா இருக்கணும் நைனா."

ஜெரி மீதி ரொட்டியைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தான்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "எம்புள்ளய வெளிய கூப்புடு நைனா, வூட்டுக்கு இட்டுகினு போறேன்."