நிற்கிற வேலை

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, கடைக்குள் உட்கார்ந்துகொண்டு மழையைப் பார்த்தாள்.

கோடை முடிந்து வந்த முதல் மழை. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் மண்வாசனை உள்ளே வந்து, புதுத்துணியின் கஞ்சி நெடியைக் கொஞ்ச நேரம் விரட்டிவிட்டுப் போனது. தொப்பலாக நனைந்து ஓடிவந்த வாடிக்கையாளர்கள்கூடச் சிரித்த முகமாக இருந்தார்கள்.

அவளுக்குக் கீழே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். காலையில்தான் மூன்றாவது மாடி பிளாஸ்டிக் சாமான் பிரிவிலிருந்து இறக்கி, விற்பனைப் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று போட்டிருந்தார்கள். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

தொழிலாளர் ஆய்வாளர் வருகிறாராம். கால் கடுக்க நிற்கவைக்கிறார்கள் என்று யாரோ மொட்டைக் கடிதாசு போட்டுவிட்டார்களாம்.

"அவர் போற வரைக்கும் எல்லாரும் உக்காருங்க. சிரிச்ச முகமா உக்காருங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். உட்காரச் சொல்லி அவர் உத்தரவு போடும் காலமும் வந்துவிட்டதே என்று மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

வயிற்றில் ஐந்தாவது மாதம். போன தடவையும் ஐந்தாவது மாதத்தில்தான், இதே கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது, எல்லாம் கால் வழியாக இறங்கிப் போனது. இந்தத் தடவை அதிக நேரம் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சூப்பர்வைசரிடம் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். ஒரு அளவு பெரிய சீருடைக் கோட்டுக்குள் வயிற்றை ஒளித்துக்கொண்டு வந்துபோனாள்.

அவளுடையது குழந்தைத் துணிப் பிரிவு. மழையைப் பார்த்தபடியே கை குட்டிச் சட்டைகளை மடித்தது. இரண்டு பக்கமும் உள்ளே, கீழிருந்து மேலாக மூன்று மடிப்பு, கடைசியில் ஓரத்தை உள்ளே ஒரு சொருகல்.

அந்தச் சொருகல் அவளாகக் கண்டுபிடித்தது. எத்தனை பேர் அள்ளிப் பார்த்தாலும் மடிப்புக் கலையாது. சூப்பர்வைசரே ஒருமுறை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். வேறு யாருக்கும் அது கைவரவில்லை.

ஆய்வாளர் வந்து கவுண்டர் முன்னால் நின்றார். பக்கத்தில் சூப்பர்வைசர்.

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். கால்களுக்கு வேறு பழக்கம் இல்லை.

தினமும் உட்கார விடுகிறார்களா என்று ஆய்வாளர் கேட்டார். சூப்பர்வைசர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குறையும் இல்லை என்று சொன்னாள். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆய்வாளர் கவரிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பிரித்து சூப்பர்வைசரிடம் காட்டினார். கோணல்மாணலான எழுத்து. யாரோ இடது கையால் எழுதியிருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். சூப்பர்வைசர் உற்று உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு ஆய்வாளர் கடிதத்தைத் திரும்பக் கவருக்குள் வைக்கப் பார்த்தார். குடை பிடித்த ஈரக் கை. எப்படி மடித்தாலும் உள்ளே போகவில்லை.

"இதைக் கொஞ்சம் மடிச்சுக் குடும்மா."

வாடிக்கையாளர் கலைத்துப் போட்ட துணியை வாங்குகிற மாதிரிதான் வாங்கினாள்.

இரண்டு பக்கமும் உள்ளே. கீழிருந்து மேலாக மூன்று மடிப்பு. கடைசியில் ஓரத்தை உள்ளே ஒரு சொருகல்.

தாளில் ஏற்கெனவே இருந்த கோடுகளின் மேலேயே ஒவ்வொரு மடிப்பும் விழுந்தது. ஒரு நூல் பிசகவில்லை.

எழுதும்போது வலது கையை நம்பாமல் ஒதுக்கிவைத்தவள், மடிக்கும்போது மறந்திருந்தாள்.

ஆய்வாளர் கவரைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல மழை என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்க் குடையை விரித்தார். சூப்பர்வைசர் அவரை வழியனுப்பப் போகவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆய்வாளருக்குப் பின்னால் கதவு மூடியதும் ஸ்டூல்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்கள். துணிப் பிரிவு முழுக்க எல்லாரும் பழையபடி எழுந்து நின்றார்கள். அவளுடையதை எடுக்க வந்த பெண்ணைச் சூப்பர்வைசர் கையமர்த்தினார்.

"அது இருக்கட்டும். நீ உக்காரும்மா. உனக்கு இனிமே நிக்கிற வேலை இல்ல."